கடலுக்கு வெற்றிலை வைக்கப் போன சைக்கிள்

சூசைத்துறையில் ஜெனிட்டாவின் கல்யாணத்தன்று காலையில், பந்தல் காலில் வாழைமரம் கட்டி முடித்து, பிரியாணிக்கு அரிசி களைந்து வைத்து, மாப்பிள்ளை பிரிட்டோ முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்த நேரத்தில், ஊருக்கு முன்னால் இருந்த கடல் எழுந்து போய்விட்டது. சத்தம் ஒன்றும் போடவில்லை. விசேஷ வீட்டில் மனம் கோணிய உறவுக்காரர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடப்பாரே, அந்த மாதிரி போயிற்று. வடக்கே அடுத்த ஊர்க்காரர்களுக்கு அவர்களுடைய கடல் இருந்தது, தெற்கேயும் இருந்தது. நடுவில் சூசைத்துறைக்கு நேராக மட்டும், விழுந்த பல்லின் இடம் போல, கண்ணுக்கு எட்டிய தூரம் ஈர மணலும் சேறும் பாசி பிடித்த பாறையுமாகக் கிடந்தது. வள்ளங்கள் எல்லாம் ஒருக்களித்துப் படுத்துவிட்டன.

ஊர் இதற்கு ஆச்சரியப்படவில்லை. ஊருக்குக் கோபம்தான் வந்தது. "எவளோ ஒழுங்கா அழைக்கல" என்று பந்தலில் இருந்தவர்கள் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

ஏனென்றால், மற்ற ஊர்களில் கடலை அம்மா என்பார்கள். சூசைத்துறையில் அது மாமன். அந்த ஊரில் பிறந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அது கூடப்பிறந்த அண்ணன், அவள் பெற்ற பிள்ளைக்குத் தாய்மாமன். கல்யாணம் என்றால் பெண்ணைப் பெற்றவள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு முந்தின நாள் சாயங்காலம் கரைக்குப் போய், அலை வந்து தொடுகிற இடத்தில் வைத்து, "யண்ணே, பிள்ளைக்குக் கல்யாணம், வந்து நடத்திக் குடு" என்று நேரில் சொல்ல வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. அலை வந்து வெற்றிலையை எடுத்துப் போகும். மறுநாள் தாலி கட்டுகிற நேரத்தில் மாமன் மாதா கோயில் படிக்கட்டு வரை வந்து ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும். பங்குச் சாமியார் இதைப் பற்றிப் பிரசங்கத்தில் ஒருநாளும் பேசியதில்லை, ஆனால் கல்யாண நாட்களில் செருப்பைப் படிக்கட்டில் விடாதீர்கள் என்று மட்டும் சொல்வார்.

மாப்பிள்ளையின் தாய் வியாகுலம் பட்டுச்சேலை சரசரக்க வந்து, பெண்ணின் தாய் அமலோற்பவத்தின் முன்னால் நின்றாள்.

"மைனி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நேத்து கரைக்குப் போனியளா?"

"போனேன்."

"வெத்திலை வச்சியளா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அமலோற்பவம் பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னால் ஊர் நம்பும். சைக்கிளில் மீன் கொண்டுபோய் உள்நாட்டு ஊர்களில் விற்கிறவள், ஒரு நாளும் நேற்றைய மீனை இன்றைய மீன் என்று சொன்னதில்லை.

"வைக்கல" என்றாள்.

தாம்பாளத்தோடு அலை தொடுகிற இடம் வரைக்கும் போனதும், அலை ஆசையாக ஓடி வந்ததும், அவள் குனியப் போனவள் குனியாமல் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பியதும், வழியில் நின்ற ஆட்டுக்குப் பழத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அவளுக்கும் ஆட்டுக்கும்தான் தெரியும். காரணம் ஊருக்கே தெரியும். அவள் புருஷன் கயித்தான் ஒரு பனிக் காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. போவதற்கு முன்னால் அவளுடைய சைக்கிள் மணியைத் திருகிக் கழற்றினான். பனி மூட்டத்தில் வள்ளத்தோடு வள்ளம் மோதிக்கொள்கிறது, இதைக் கட்டி வைத்து அடித்துக்கொண்டே போகலாம் என்றான். "ஒரு வாரத்துக்குக் குடுளா, ஒனக்குப் புதுசு வாங்கித் தாரேன்." அது நல்ல மணிகூட இல்லை, சுருள் தளர்ந்து, முதல் அடி கணீரென்று கேட்கும், இரண்டாவது அடிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். மணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை, வள்ளத்தின் ஒரு பலகையும் கரை ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் சைக்கிளுக்கு மணி வாங்கவே இல்லை. கையை வாயில் குவித்து "மீனேய்" என்று கூவித்தான் தெருத்தெருவாக விற்றாள். அந்தக் கடலுக்கு வெற்றிலை வைக்க அவளுக்கு முதுகு வளையவில்லை.

வியாகுலம் கெட்டவள் கிடையாது, ஆனால் முறை என்றால் முறை என்கிறவள். "மாமன் இல்லாம தாலி ஏறாது மைனி. மாசக் கடைசில திருவருகைக் காலம் ஆரம்பிக்கி, அதுக்கப்புறம் கிறிஸ்துமஸ் முடியுற வரைக்கும் கோயில்ல கல்யாணம் கெடையாது. அதுக்குள்ள கூட்டியாந்துருங்க. இல்லன்னா..." என்று நிறுத்தி, "சொல்ல வாய் வரல்ல, நாங்க வேற எடம் பாக்கணும்" என்று சொல்லியும்விட்டாள்.

"நான் இப்பமே கட்டுதேன்மா" என்றான் பாதி முகம் மழித்த பிரிட்டோ. வியாகுலம் அவனைப் பார்த்த பார்வையில் மீதிப் பாதி தானாகவே உதிர்ந்திருக்கும்.

ஆனால் ஜெனிட்டாவே பந்தலுக்கு நடுவில் வந்து நின்றாள். தலையில் பூவும் முக்காடுமாக இருந்தவள், அம்மாவைத் திட்டவில்லை. "எம்மா, அப்பாவும் இல்ல. மாமனும் வரல்லன்னா எனக்குப் பின்னால யாருமா நிப்பா?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்குத்தான் அமலோற்பவம் கிளம்பினாள்.

கடல் போன தடம் ஈரமாக வடக்குப் பக்கம் வளைந்து தெரிந்தது. பஸ்ஸில் போனால் கடல் கண்ணில் படாது, வள்ளத்தில் போகத் தண்ணீர் இல்லை. ஆளாளுக்கு வேன் பிடித்துத் தருகிறேன் என்றார்கள். பெற்றவள் நேரில் போக வேண்டும், கரையோடு கரையாக விசாரித்துக்கொண்டே போக வேண்டும், அதற்குச் சைக்கிள்தான் சரி என்று அவள் சொல்லிவிட்டாள். மீன் விற்கிற அலுமினிய அன்னக்கூடையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அதற்குள் தாம்பாளம், ஈரச் சாக்கில் சுற்றிய வெற்றிலை, ஒரு மாற்றுச் சேலை, காற்றடிக்கிற பம்பு எல்லாவற்றையும் வைத்து, கேரியரில் இறுக்கிக் கட்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆம்பிளை சைக்கிளின் பாருக்கு மேலாகக் காலைத் தூக்கிப் போட்டாள். முன்னொரு காலத்தில் அவள் அப்படிக் காலைத் தூக்கிப் போட்டபோது சிரித்த ஊர், இப்போது சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளி விட்டது.

ஐப்பசி மழை அவளோடு கூடவே வந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் விசாரித்தாள். "ஆமா, அன்னைக்குக் காலைல ஒரு தண்ணி இந்த வழியாப் போச்சு. பாத்தி வரப்பு ஒண்ணையும் ஒடைக்கல. நல்ல வளர்ப்புல வளந்த கடல்" என்று உப்பு வாருகிறவர்கள் மெச்சிக்கொண்டார்கள். வேம்பாரில் கருப்பட்டிக் கடைக்காரர், அன்று முழுக்கத் தன் கருப்பட்டி கரித்தது என்றும், வாங்கியவர்கள் அதுதான் ருசி என்று மறுபடியும் கேட்கிறார்கள் என்றும், அந்தக் கடல் திரும்பும்போதும் இதே வழியாக வந்தால் நல்லது என்றும் சொன்னார். கீழக்கரையில் ஜொகரா லாத்தா என்கிற அம்மாள் அவளை வீட்டுக்குள் கூப்பிட்டு, தலை துவட்டத் துண்டு கொடுத்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாழையிலையில் கறுப்பாக மினுமினுக்கிற தொதல் அல்வாவைக் கட்டிக் கொடுத்தாள். "கோவிச்சிட்டுப் போன காக்காமார, அதான் அண்ணன்மார, எனக்குத் தெரியும், நாலு பேரு இருக்காங்க எனக்கு. வெத்தலைக்கு எறங்கி வரமாட்டாங்க, இனிப்புக்கு வருவாங்க" என்றாள். போகிற ஊரில் எல்லாம் வாடின வெற்றிலையை எடுத்துவிட்டுப் புது வெற்றிலை வைத்தார்கள். எங்கள் ஊர் சார்பாகவும் ஒன்று இருக்கட்டும் என்று வைத்தார்கள். எந்த ஊரிலும் ஒருத்தராவது கடல் எப்படியம்மா போகும் என்று கேட்கவில்லை. யார் வீட்டில்தான் கோபித்துக்கொண்டு போன ஆள் இல்லை, எங்கே போய் இருக்கிறது, சாப்பிட்டதா என்றுதான் கேட்டார்கள்.

சாயங்காலம் எங்கே ஒதுங்கினாலும் ஜெனிட்டாவின் போன் வரும். ஊர்ச் செய்தி ஒவ்வொரு நாளும் ஒரு தினுசாக மாறிக்கொண்டு வந்தது. முதலில், கடல் கிடந்த இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்றாள். அப்புறம், சேறு காய்ந்ததும் பெண்கள் கூடையோடு போய், எந்தக் காலத்திலோ தொலைந்த நங்கூரம், குத்துவிளக்கு, யாருடையதோ பல் செட்டு எல்லாம் பொறுக்கி வந்தார்கள் என்றாள். அப்புறம், சிலுவை அண்ணன் அங்கேயே டீக்கடை போட்டுவிட்டார், வடை நன்றாக இருக்கிறதாம் என்றாள். அதற்குப் பிறகு வந்த போனில் அவள் குரல் இறங்கியிருந்தது.

"எம்மா, கல்லு ஊனி மனை பிரிக்காவ. வண்ணக் கொடி எல்லாம் கட்டியாச்சு. கடல் போனதும் ஒரு நல்லதுக்குத்தான்னு பேசுதாவ. பிரிட்டோ அம்மாகூட ஒரு மூலை மனைக்குக் கல்லு ஊனிட்டாவ."

"பிரிட்டோ என்ன சொல்லுதான்?"

"வள்ளத்துல போயி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்கான். தண்ணி வரும்போது எறங்குதேங்கான்."

அமலோற்பவத்துக்கு மருமகனை அந்த நிமிஷம் மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் ஊர் இப்படிக் கடல் இல்லாமல் பழகிக்கொண்டே போனால், அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனாலும் உட்கார வைக்க இடம் இருக்காதே என்று பயமும் வந்தது. மறுநாள் இன்னும் அழுத்தி மிதித்தாள்.

தொண்டியில் டியூப் வெடித்தது, கோட்டைப்பட்டினத்தில் செயின் அறுந்தது, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் மரங்கள் கக்கம் வரைக்கும் நனைந்து நின்றதைப் பார்த்து, கடல் ஒரு நாள் இங்கே தங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். கோடியக்கரையில் கரை வடக்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் மணல் வட்டம் வட்டமாக அரித்துக் கிடந்தது. யாரோ ஒரே இடத்தில் நெடுநேரம் முன்னும் பின்னும் நடந்த மாதிரி இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் இங்கே நின்று திரும்பிப் பார்த்திருக்கிறது. யாராவது கூப்பிட வருகிறார்களா என்று பார்த்திருக்கிறது. யாரும் வராததால்தான் திருப்பத்தைத் தாண்டியிருக்கிறது. இத்தனை தூரமும் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே வந்தவள், அங்கே சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, மழையோடு மழையாகக் கொஞ்ச நேரம் அழுதாள்.

தரங்கம்பாடி தாண்டி, கொற்றங்குப்பம் என்கிற ஊருக்குள் நுழைந்தபோது அலைச் சத்தம் இரட்டையாகக் கேட்டது. அந்த ஊரில் இரண்டு கடல் இருந்தது. ஒன்று அவர்களுடையது, இன்னொன்று வந்து தங்கியது. அலைகள் ஜோடி ஜோடியாக வந்தன. தண்ணீர் வலைக்கூடத்துச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஊர்க்காரர்கள் அதற்குத் தகுந்த மாதிரி வாசல்படியை உயர்த்திக் கட்டிவிட்டு, விருந்தாளிக் கடலுக்குப் பக்கத்தில் சத்தம் போட்டுப் பேசாமல், தினமும் ஒரு சொம்பு கஞ்சி ஊற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். மீன் ஏலம் எடுக்கிற தையல்நாயகி என்பவள் அமலோற்பவத்தின் அன்னக்கூடையைப் பார்த்ததும், தன் தொழில்காரி என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

"வந்த நாளா ஒரு வார்த்தை பேசல. மொவத்தத் திருப்பிக்கிட்டுக் கெடக்கு. எங்க கடலு பாவம், ஓரமா ஒதுங்கி எடம் வுட்ருக்கு. உங்களுதுதானா, நல்லாப் பாருங்க."

பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது. இரண்டு அலை நீளமாக வரும், மூன்றாவது அலை கால் சுளுக்கினவர் போல ஒரு பக்கம் நொண்டிக்கொண்டு வரும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்.

"எங்களுதுதான்" என்றாள் அமலோற்பவம்.

"கூட்டிக்கிட்டுப் போங்க, தாராளமா. ஆனா வையாதீங்க. மனசு வுட்டுப் போயிருக்கு."

"வையாம எப்படிக் கூப்பிட?" என்றாள் அவள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, தாம்பாளத்தைச் சைக்கிளிலேயே விட்டுவிட்டு, வெறும் கையோடு தண்ணீருக்கு நேராகப் போய் நின்றாள்.

"ஏன், எந்திரிச்சிப் போயிருவியோ? ஒரு வெத்திலை வைக்கலன்னு ஒனக்கு அம்புட்டு ரோசம் வருதோ? எனக்கு வராதா ரோசம்? கட்டின புருசன ஒங்கிட்டதானே அனுப்பினேன்? அண்ணன் வீட்டுக்குப் போறவனுக்குச் சோறு கட்டிக் குடுத்துல்லா அனுப்பினேன்! எங்க அவன்? ஒரு பலகை குடுத்தியா? ஒரு துண்டுத் துணி குடுத்தியா? அடக்கம் பண்ண ஒரு எலும்பு குடுத்தியா? கல்லறைத் திருநாளுக்கு ஊருல எல்லாரும் மெழுகுதிரி ஏத்துதாவ, நான் எங்க கொண்டுபோயி ஏத்துவேன், சொல்லு? இத்தன வருசமா தெனமும் ஒன் தண்ணிலதான் கூடை கழுவுதேன். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, ஏட்டி அமலி, இப்படி ஆயிப்போச்சின்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

கொற்றங்குப்பமே வாசலில் வந்து நின்றது. கடல் பின்வாங்கிற்று. அலையே இல்லாமல், குளம் மாதிரி, தூரத்தில் போய் நின்றது. அவள் விடவில்லை. தொண்டை கம்மும் வரைக்கும் வைதாள். கயித்தான் ஆசையாகத் தின்கிற நண்டுக் குழம்பிலிருந்து அவன் சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற விதம் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி வைதாள். வைது முடித்தபோது அவளுக்குள்ளே பெரிய கனம் ஒன்று இறங்கி, கைகால் எல்லாம் லேசாகிப்போயிற்று. மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது அந்த நொண்டி அலை மட்டும் தனியாகக் கிளம்பி வந்தது. அவள் காலுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்று, தலையைத் தாழ்த்திக்கொண்டு, உயிரோடு துள்ளுகிற பெரிய விளைமீன் ஒன்றை மணலில் வைத்துவிட்டு, தொடாமல் திரும்பிற்று. அண்ணன்மார் மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்டு அவள் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. பேசாமல் வந்து கையில் இருக்கிறதை வைத்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

"மீன்காரிக்கு மீனா குடுக்க?" என்று கேட்டவளுக்கு, அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

எழுந்து போய்த் தாம்பாளத்தைக் கொண்டுவந்தாள். எல்லா ஊர் வெற்றிலையும் சேர்ந்து அது குவிந்து இருந்தது. தண்ணீர் தொடுகிற இடத்தில் குனிந்து வைத்தாள். "யண்ணே, ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். அவளுக்கு அப்பன் இல்ல. மாமன் நீயாவது பின்னால வந்து நில்லு" என்றாள். அலை வந்தது. வெற்றிலையை எடுத்தது, பாக்கை எடுத்தது, போனது. கொஞ்சம் யோசித்து, திரும்ப வந்து தாம்பாளத்திலிருந்த தொதலையும் எடுத்துக்கொண்டு போனது.

கொற்றங்குப்பம் முழுக்கக் குலவை போட்டது.

திரும்பி வந்ததுதான் ஊர்வலம். இப்போது கடல் அவளுக்கு இடது கைப்பக்கம் வந்தது. வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊர்க் கடலும் நகர்ந்து வழிவிட, நாகப்பட்டினத்தில் நின்ற படகுகளை எல்லாம் ஒரு கை உயரம் தூக்கி, அடியில் நுழைந்து, பழையபடி பதமாக இறக்கி வைத்துவிட்டு வந்தது, அவள் மிதிக்கிற மிதிக்கு அந்த மூன்றாவது அலை சரியாகத் தாளம் போட்டுக்கொண்டு வந்தது, கோடியக்கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு அது பின்தங்கியபோது, அவள் திரும்பிப் பார்த்து, "கல்யாணத்துக்குப் போறோமா, ஊர் சுத்தப் போறோமா?" என்று ஒரு அதட்டல் போட, ஓடி வந்து சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்துப் பெண்கள், அரசாங்கம் கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு, ரெட்டைப் பின்னலும் ரிப்பனுமாக, தங்கள் ஊர் எல்லை வரைக்கும் கூடவே ஓட்டி வந்து, அடுத்த ஊர்ப் பெண்களிடம் அவளை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த அடுத்த ஊர்ப் பெண்கள் அதற்கும் அடுத்த ஊர் வரை வந்தார்கள். அத்தனை மணிகளும் ஒன்றாக அடித்ததில் மழை நின்று வெயில் வந்தது. அக்கா உங்களுக்கு மணி இல்லையா என்று ஒரு பெண் கேட்டாள். "எனக்கு வேண்டாம்மா, நான் கூவிருவேன்" என்று சொல்லி, கையை வாயில் குவித்து, ஒரு "மீனேய்" போட்டாள் பாருங்கள், தொண்டியிலிருந்து கீழக்கரை வரை பூனைகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தன. ஜொகரா லாத்தா மாடியில் நின்று, "இனிப்பு வேலை செஞ்சிச்சா?" என்று கத்தினாள். வேம்பார்க் கருப்பட்டிக்காரர் கடைச் சரக்கை எல்லாம் கடலோரமாக அடுக்கி வைத்திருந்தார். உப்பளத்தில் இந்த முறையும் ஒரு வரப்பு உடையவில்லை.

மறுநாள் திருவருகைக் காலம் ஆரம்பம் என்கிற சனிக்கிழமை காலையில் அவள் சூசைத்துறைக்குள் நுழைந்தாள். கடல் ஊருக்குள் வரவில்லை. வண்ணக் கொடி கட்டின மனைக் கற்களுக்கு அப்பால், பந்தல் வாசலில் யாராவது வந்து கையைப் பிடித்துக் கூப்பிடட்டும் என்று நிற்கிற மரியாதைப்பட்ட மாமனாக, நீலமாக எழும்பி அப்படியே நின்றது.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. டீக்கடைச் சிலுவை தொண்டையைச் செருமினான். "வந்தது சந்தோசந்தான் அக்கா. ஆனா இம்புட்டுப் பேரு எடம் போட்ருக்கோம். மாமன் அந்தப் பாறைக்கு அங்கிட்டே இருந்துக்கிட்டா என்ன? பாக்கணும்னா நாம போயிப் பாத்துக்கிடலாம்லா?" நாலைந்து பேர், அதுவும் சரிதான் என்று முனகினார்கள். வள்ளத்தின் மேல் தாடியோடு உட்கார்ந்திருந்த பிரிட்டோ எழுந்து நின்றான்.

அமலோற்பவம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"மாமன வாசல்ல நிறுத்தி வச்சிக்கிட்டு, இங்க உக்காரு, அங்க உக்காருன்னு எடம் பேசுதியளா? வெத்திலை வைக்காம நான் ஒருத்திதான் தப்பு செஞ்சேன்னு நெனச்சேன். வைது, அழுது, குனிஞ்சு, நான் சரிபண்ணிட்டேன். நீங்க எப்படிச் சரிபண்ணப் போறிய?"

கடல் மெல்ல ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தது. ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வியாகுலம்தான் முதலில் நகர்ந்தாள். முறை என்றால் முறை என்கிறவள் அவள். விறுவிறுவென்று தன் மூலை மனைக்குப் போனாள், ஊன்றியிருந்த கல்லை ஆட்டி ஆட்டிப் பிடுங்கித் தூரப் போட்டாள், பந்தலில் இருந்த பன்னீர்ச் சொம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு தனியாக அந்தக் காய்ந்த மணலில் நடந்துபோனாள். நீல மதிலுக்கு முன்னால் நின்று பன்னீரைத் தெளித்தாள், சந்தனத்தைத் தொட்டுத் தண்ணீரில் வைத்தாள். "வாங்கண்ணே. லேட்டாயிருச்சி, கோவிச்சிக்கிடாதிய. உள்ள வாங்க" என்றாள். அவள் பின்னாலேயே ஊர் ஓடிற்று. ஆளுக்கு ஒரு கல்லைப் பிடுங்கினார்கள். சிலுவை பாய்லரைத் தலையில் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினான்.

கடல் வந்தது. அவசரம் இல்லாமல், எல்லார் காலையும் நனைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளைத் தூக்கி ஓரமாக விட்டுக்கொண்டு, அகலமாகச் சிரித்துக்கொண்டு வந்தது. ஒருக்களித்துக் கிடந்த வள்ளங்கள் ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தன. தண்ணீர் வந்ததும் பிரிட்டோ சொன்னபடி இறங்கி, நனைந்த சட்டையோடு நேராக முகம் மழிக்கப் போனான்.

அன்றைக்குச் சாயங்காலமே கல்யாணம். படிக்கட்டோடு நிற்கிற மாமன் அன்றைக்குப் படியேறிற்று. சாமியார் அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜெபத்தை நிறுத்தாமல் சொன்னார். பெஞ்சுகளுக்கு நடுவில் உள்ள பாதையில் தண்ணீர் நடந்து போய், ஜெனிட்டாவுக்குப் பின்னால், அப்பன் நிற்க வேண்டிய இடத்தில், முழங்கால் உயரத்துக்குச் சுருண்டு நின்றது. அவள் சேலைக் கரையில் ஒரு சொட்டு ஈரம் படவில்லை. பிரிட்டோ தாலியைக் கட்டினான். கோயில் மணி அடிப்பதற்குள், தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. கணீரென்று ஒன்று. அடுத்தது தொண்டை கட்டிக்கொண்டு ஒன்று.

ஜெனிட்டா திரும்பிப் பார்த்தாள். அமலோற்பவம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

தண்ணீர் வடிந்து படிக்கட்டில் இறங்கிப் போன பிறகு, தரையில் சைக்கிள் மணி கிடந்தது. துரு இல்லை. அதில் ஒரு துண்டு நைலான் கயிறும் முடிச்சுமாக இருந்தது. கயித்தான் இடது கைக்காரன். ஊரில் வேறு யாரும் அப்படி முடிச்சுப் போட மாட்டார்கள். அவள் அதை அவிழ்க்கவில்லை. கயிற்றை மட்டும் மேலாக அறுத்து, முடிச்சோடு ஒரு வெள்ளைத் துணியில் சுற்றினாள். மறுநாள் பூசை முடிந்து, ஊரும் சாமியாரும் கூட வர, அதைக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி அடக்கம் செய்து, மேலே கயித்தான் பெயர் எழுதின சிலுவை நட்டார்கள். ஜெனிட்டாவும் பிரிட்டோவும் மெழுகுதிரி ஏற்றினார்கள். அமலோற்பவமும் ஒன்று ஏற்றி, காற்று அணைக்காமல் கையால் மறைத்துக்கொண்டு, அது உருகி முடியும் வரை உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அன்னக்கூடையில் மீனும் ஐஸுமாக அவள் உள்நாட்டுப் பக்கம் சைக்கிளை விட்டாள். தெருமுனையில் நின்று கட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். கதவுகள் திறந்தன. பாத்திரத்தோடு வந்த பெண்கள் அவளைப் பார்த்து, "நீதானா? யாரோ புது ஆளு பெல் அடிக்கான்னுல்லா வந்தோம். எப்ப வாங்கின இத?" என்று கேட்டார்கள்.

"வாங்கல" என்று அவள் முகம் கொள்ளாத சிரிப்போடு சொன்னாள். "எங்க அண்ணன் செஞ்ச சீரு."